நாட்டுக்கோழிக்கு வீட்டுத் தீவனம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் இடையில் ஒரு கிராமத்தில் 40 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மாவு மில்லில் மக்காச்சோளம் உடைக்க நிற்கும்போதும், செக்கில் புண்ணாக்கு வாங்கும்போதும், பின்கட்டு வாசலில் நின்றும் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகள்தான் இவை. எனக்குப் பலித்ததையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறேன்.

வீட்டிலேயே கலந்தால் உண்மையிலேயே செலவு குறையுமா?

குறையும். ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் இல்லை. தானியமும் புண்ணாக்கும் விலைக்கு வாங்கிக் கலந்தால் கடைத் தீவனத்தைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய்தான் மிஞ்சும். அரைப்புக் கூலியும் வண்டிக் கூலியும் அதில் பாதியைத் தின்றுவிடும். கிலோ விலையை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப்போவது இதனால்தான்.

முட்டைக்கு என்ன செலவு என்று பாருங்கள். கலப்பில்லாத நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். தீவனம் கிலோ 34 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூண்டில் அடைத்து நாளுக்கு 100 கிராம் போட்டால் வருடத்துக்கு 1,240 ரூபாய் ஆகிறது. 70 முட்டைக்கு வகுத்தால் முட்டை ஒன்றுக்கு 17 ரூபாய்க்கு மேல். அதே கோழி பகலில் தோப்பில் மேய்ந்து வந்து, நாம் 40 கிராம் மட்டும் போட்டால் முட்டைக்கு 7 ரூபாய் சொச்சம்தான். ஆகவே சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டு ரகங்கள் வைத்திருப்பவர்களுக்கு முதல் தீவனம் மேய்ச்சல் நிலம். நாம் கலப்பது, மேய்ச்சலில் கிடைக்காததை ஈடுகட்டத்தான். இடமே இல்லாதவர்கள் வனராஜா, கிராமப்பிரியா மாதிரி கூடுதலாக முட்டையிடும் ரகத்துக்குப் போனால்தான் முழுத்தீவனம் கட்டுபடியாகும்.

எங்கள் அப்பத்தா காலத்தில் நெல்லும் நொய்யும்தான் போட்டார்கள். அது போதாதா?

அப்பத்தா வைத்திருந்தது ஆறேழு கோழி. குப்பைமேட்டில் புழு, மாட்டுத்தொழுவத்தில் ஈ முட்டை, கடலை பறித்த கொல்லையில் சிந்திய பருப்பு, களத்தில் சிதறிய கம்பு. கோழி தனக்கு வேண்டிய சத்தைத் தானே பொறுக்கிக்கொண்டது. அதற்கு மேலேதான் அந்த ஒரு கைப்பிடி நொய். இன்று தொழுவத்தில் மாடு இல்லை, கொல்லையில் சீமைக்கருவேலம் நிற்கிறது, கோழியோ 30, 40. அந்த நொய்யை மட்டும் போட்டால் வயிறு நிறையும், முட்டை வராது.

நொய்யில் புரதம் 8 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16, 17 சதவீதம் வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. நொய்யில் மஞ்சள் நிறச்சத்து இல்லாததால் மஞ்சள் கரு வெளுத்துவிடும். நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி வாங்குகிறவர் உடைத்துப் பார்த்து முகம் சுளிப்பார்.

சரி, அளவைச் சொல்லுங்கள்.

முட்டையிடும் கோழிக்கு 10 கிலோ கலவை, நான் போடுகிறபடி:

உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ
கம்பு 1 கிலோ
தவிடு 1½ கிலோ
கடலைப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம்
எள்ளுப் புண்ணாக்கு 600 கிராம்
உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 700 கிராம்
கிளிஞ்சல் 800 கிராம்
கோழிக்கென்று விற்கும் தாது உப்புக் கலவை 170 கிராம்
சாப்பாட்டு உப்பு 30 கிராம்

மக்காச்சோளத்துக்கு 9, கம்புக்கு 11, தவிட்டுக்கு 12, கடலைப் புண்ணாக்குக்கு 40, எள்ளுப் புண்ணாக்குக்கு 35, கருவாட்டுக்கு 50 சதவீதம் புரதம் என்று போட்டுப் பெருக்கிக் கூட்டுங்கள். 1 கிலோ 690 கிராம் வரும். 10 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 17 சதவீதம். இந்தப் பெருக்கல் பழகிவிட்டால் எந்தப் பொருள் விலை ஏறினாலும் பயமில்லை; ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டி நீங்களே சரிக்கட்டிவிடலாம். தாது உப்புப் பொட்டலத்தில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் படித்துவிடுங்கள். சேர்ந்திருந்தால் கடைசி வரியை விட்டுவிடலாம்.

முதலில் தாது உப்பு, உப்பு, கருவாட்டுத் தூள் மூன்றையும் ஒரு படி தவிட்டில் பிசிறிக்கொண்டு, பிறகு மொத்தத்தோடு சேருங்கள். நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு கோழிக்கு உப்புக் குவியலும் இன்னொன்றுக்கு வெறும் மக்காச்சோளமும் போய்ச் சேரும். மக்காச்சோளத்தை மாவாக்க வேண்டாம், ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். மாவாக இருந்தால் அலகில் அப்பிக்கொள்ளும், காற்றில் பறக்கும்.

10 கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

அடைத்து வைத்தால் 1 கிலோ. நன்றாக மேய்ந்து வருவதற்கு 400 முதல் 500 கிராம், அதையும் காலையில் கொஞ்சம், அடையும் நேரத்தில் மீதி என்று பிரித்துப் போடுங்கள். காலையிலேயே வயிறு முட்டப் போட்டால் கோழி மேயப் போகாது, வாசலிலேயே நிற்கும். அந்தியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்; கழுத்தடியில் பை உருண்டு திரண்டிருந்தால் கோழி நிறைய மேய்ந்திருக்கிறது. தளர்ந்து கிடந்தால் அன்றைக்குக் கூடுதலாகப் போடுங்கள்.

மக்காச்சோளத்துக்குப் பதிலாக நம்ம பக்கத்துத் தானியம் போடலாமா?

தாராளமாக. கம்பு மக்காச்சோளத்துக்கு ஈடானது, புரதம் கொஞ்சம் கூடவே உண்டு. உடைக்காமலே போடலாம். கேழ்வரகு 7 சதவீதம்தான், அதைத் தானியத்தில் பாதிக்கு மேல் போக விடாதீர்கள். ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போடுவதை நான் ஒப்புவதில்லை. அது மனிதர் வயிற்றுக்கு வந்தது.

புதுவயல் மில் தவிடு எல்லாமே ஒன்றுதானா?

இல்லை. புதுவயலில் மில்லுக்குப் பஞ்சமில்லை, தவிட்டில்தான் தரம் தரமாக இருக்கிறது. உமியோடு சேர்த்து அரைத்த தவிடு மலிவு, ஆனால் கோழிக்கு அது வைக்கோல் தின்பதற்குச் சமம். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து மெல்ல ஊதுங்கள். நல்ல தவிடு வழவழவென்று கையில் ஒட்டும். உமித் தவிடு சொரசொரவென்று குத்தும், ஊதினால் சிதறும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். புழுங்கலரிசித் தவிடு சற்றுத் தாங்கும், பச்சரிசித் தவிட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு இரண்டும் எதற்கு? ஒன்று போதாதா?

புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. கடலையில் மெத்தியோனின் குறைவு, எள்ளில் அது கூடுதல். எள்ளில் லைசின் குறைவு. அதைக் கருவாடு ஈடுகட்டும். மூன்றையும் சேர்த்தால் ஒன்றின் குறையை ஒன்று மூடுகிறது. கடலைப் புண்ணாக்கை மட்டும் இரட்டிப்பாகப் போட்டால் காசு எச்சத்தோடு போகும்.

தேங்காய்ப் புண்ணாக்கு கொஞ்சம் சேர்க்கலாம், அதில் புரதம் 20 சதவீதம்தான். சேர்க்கவே கூடாதவை மூன்று: ஆமணக்கு, இலுப்பை, வேம்பு. ஆமணக்குப் புண்ணாக்கில் உள்ள ரிசின் கொடிய விஷம். ஒரே செக்கில் மூன்று நான்கு வகை ஆட்டுகிற இடத்தில் தரையில் கூட்டியள்ளிய புண்ணாக்கை வாங்காதீர்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. கோழிக்குப் போட்டால் மஞ்சள் கரு நிறம் கெடும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஓர் ஐப்பசி மழையில் நான் புண்ணாக்கு வாங்கினேன். பார்வைக்குப் பழுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் கல்லில் வைத்து உடைத்தபோது ஒரு துண்டின் உள்மடிப்பில் சாம்பல் பச்சையில் மெல்லிய பொடி, விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் கடலை வாசனை இல்லை, நனைந்த சாக்கு வாசனை. அதை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை இரண்டு நாள் வெயிலில் போட்டேன், பொடித்தேன், கலந்தேன். அடுத்த மூன்று வாரத்தில் இறகு சிலிர்த்து ஒடுங்கி ஒடுங்கி 11 குஞ்சு போயிற்று. செத்த ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். ஈரல் வெளிறி, வீங்கி, தொட்டால் நொறுங்கியது. அந்தக் குஞ்சுகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் என் மகள். அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். வெயிலில் காய்ந்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கலாம், நஞ்சு முழுதாகப் போகாது, வேகவைத்தாலும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நஞ்சையே உலகம் அறிந்தது. சாகும் அளவுக்குப் போகாவிட்டாலும் முட்டை குறையும், நோய் எதிர்ப்பு போகும், போட்ட தடுப்பூசி பிடிக்காமல் வெள்ளைக்கழிச்சல் வந்துவிடும். பழியை நாம் தடுப்பூசி மேல் போடுவோம்.

செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் தங்கும். சத்துதான், ஆனால் சீக்கிரம் கெடும். மழைக்காலத்தில் 10 நாளைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வாங்கும்போதே ஒரு கட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். மக்காச்சோளத்தை ஒரு மணி எடுத்துப் பல்லில் கடியுங்கள். 'கடக்' என்று உடைய வேண்டும், பல் உள்ளே இறங்கினால் ஈரம் இருக்கிறது. பெரிய அளவில் வளர்ப்பவர்கள் மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். கலக்கிக்கொடுக்கும் நஞ்சு முறிப்பு மருந்து கடையில் கிடைக்கிறது. அது ஒரு துணை. அதை நம்பிக் கெட்ட புண்ணாக்கை வாங்காதீர்கள்.

கருவாடு எது வாங்குவது?

தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் பொடிமீன், தலை, செதில் எல்லாம் உப்பில்லாமல் காய்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். சமையல் கருவாட்டில் எடையில் 20 சதவீதம்கூட உப்பு இருக்கும். 700 கிராம் போட்டால் 140 கிராம் உப்பு. நமக்கு வேண்டியதோ 30 கிராம். கோழி தண்ணீராய்க் கழியும், தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது, குஞ்சு செத்தே போகும். நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். அடுத்து ஒரு ஸ்பூன் தூளை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அடியில் மணல் ஒரு விரல் படிந்தால், மணலைக் கருவாட்டு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். 10 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் முட்டையில் கவிச்சி வரும்.

கருவாடு சேர்க்க விரும்பாத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்கள் கடையில் கிடைக்கும் சோயாப் புண்ணாக்கைப் போடலாம். பச்சை சோயா மொச்சையை நேராகப் போடாதீர்கள், செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது; வறுத்தால்தான் போகும்.

கல்யாண வீட்டு மிச்சம் கிடைக்கிறது, போடலாமா?

அன்றைய சோறு, வெந்த பருப்பு, காய் நறுக்கிய கழிவு என்றால் போடலாம், இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு. ஊறுகாய், அப்பளம், குழம்பு, சீடை முறுக்கு வேண்டாம், உப்பு. மறுநாள் புளித்து நுரைத்ததை இரக்கப்பட்டுக்கூடப் போடாதீர்கள். கெட்ட உணவிலும் அழுகிய இறைச்சியிலும் வளரும் கிருமியின் நஞ்சு பட்டால் கோழியின் கழுத்து துவண்டு தொங்கிவிடும், அதன் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

கரையான் பிடித்துப் போடுவது எப்படி?

காசில்லாமல் கிடைக்கும் நல்ல புரதம். ஓட்டைப் பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, வைக்கோல், தேங்காய் மட்டை நார் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். நம் செம்மண்ணில் அதற்கு அதிக நாள் தேட வேண்டியதில்லை. விடிந்ததும் தூக்கிக் குஞ்சுகள் நடுவில் தட்டுங்கள். கோணியின் நூல் நூலாக வெள்ளையாய் உதிரும். தாய்க்கோழி 'கொக் கொக்' என்று கூப்பிடும் முன்பே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்று வாயில் கவ்விக்கொண்டு ஓடும், மற்றவை அதைத் துரத்தும், அதற்குள் தரை சுத்தமாகிவிடும். அந்தப் பானையை வீட்டை விட்டுத் தள்ளியே வையுங்கள். பர்மாத் தேக்குத் தூணும் பழைய நிலையும் உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் கரையானைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டாம். கரையான் மருந்து அடித்த இடமும் ஆகாது.

அசோலா வளர்த்தால் பாதித் தீவனம் மிச்சம் என்கிறார்களே?

மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் இந்தச் சிறு பெரணியின் காய்ந்த எடையில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளுவதில் 94 சதவீதம் தண்ணீர். 1 கிலோ பச்சை அசோலாவில் புரதம் 12 முதல் 15 கிராம்; அது 35 கிராம் கடலைப் புண்ணாக்கில் இருக்கிறது. பச்சைத் தீனியாக, மஞ்சள் கரு நிறத்துக்காக, கோழிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள், நல்லதுதான். நம் சித்திரை வெயிலில் நிழல் இல்லாவிட்டால் அது தொட்டியிலேயே வெந்துவிடும்.

அதைவிட நான் முருங்கையைச் சொல்வேன். கிணற்றடியில் தானாக நிற்கிறது, தண்ணீர் கேட்காது. நிழலில் உலர்த்திய இலையில் புரதம் 25 சதவீதம் அளவில் இருக்கும், உயிர்ச்சத்து ஏ ஏராளம். கொத்தாகக் கட்டிக் கோழி எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். அகத்தியும் நல்லது. சூபாபுல் (சவுண்டல்) இலையை மட்டும் 5 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள், மைமோசின் என்ற நஞ்சு அதில் உண்டு.

தோல் முட்டை இடுகிறது. என்ன செய்வது?

சுண்ணாம்புச் சத்துக் குறைவு. கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். முட்டை ஓட்டைப் போடுவதானால் வறுத்துப் பொடித்துப் போடுங்கள், ஓட்டு வடிவிலேயே போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும். முட்டையிடாத வெடைக்கும் குஞ்சுக்கும் இந்தக் கிளிஞ்சல் கலவையைப் போடக்கூடாது. கூடுதல் சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குஞ்சுக்கு என்ன?

முதல் ஒரு மாதம் கடையில் குஞ்சுத் தீவனம் வாங்குங்கள். தீவனம் கலப்பதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேன், காரணம் உண்டு. அந்த ஒரு மாதத்தில் ஒரு குஞ்சு அரைக் கிலோ அளவில்தான் தின்னும், அதில் மிச்சம் பிடிக்கப் போய் குஞ்சையே இழக்க வேண்டாம். உயிர்ச்சத்து பி2 குறைந்தால் கால்விரல் மடங்கி நடக்க முடியாமல் போகும், நஞ்சையும் குஞ்சு தாங்காது.

வீட்டில்தான் கலக்க வேண்டும் என்றால் 10 கிலோவுக்கு: மக்காச்சோளம் 4.8, கம்பு 1, தவிடு 0.7, கடலைப் புண்ணாக்கு 1.5, எள்ளுப் புண்ணாக்கு 0.8, கருவாட்டுத் தூள் 1, தாது உப்பும் உப்பும் சேர்த்து 0.2 கிலோ. கிளிஞ்சல் கிடையாது. புரதம் 20 சதவீதம் வரும். ரவைப் பதத்துக்கு அரைத்து, முருங்கை இலையைப் பொடியாக நறுக்கித் தூவுங்கள்.

புதுத் தீவனம் போட்டதும் முட்டை நின்றுவிட்டது!

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். பழையதில் கால் பங்கு புதியது என்று தொடங்கி, 8, 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். மார்கழியாக இருந்தால் தீவனத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். பகல் 11½ மணி நேரம்தான், வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும். இறகு உதிர்கிறதா, அடைக்கு உட்காரப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

கோடையில் தீனியே எடுக்க மாட்டேன் என்கிறது.

காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கு மேலும் போடுங்கள், நடுப்பகலில் தட்டை எடுத்துவிடுங்கள். தின்பது குறைகிறபோது புரதம் குறையாமல் இருக்க, கலவையில் மக்காச்சோளத்தை 300 கிராம் குறைத்து அந்த 300 கிராமையும் புண்ணாக்காகப் போடுகிறேன். தண்ணீர் தீனி எடையைப்போல் இரண்டு பங்கு வேண்டும், கோடையில் அதற்கும் மேல். மண்சட்டியில் நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்புங்கள். சூடேறிய தண்ணீரைக் கோழி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் தொடாது.

கலந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

நான் 10 நாளைக்கு மேல் கலப்பதில்லை, மழைக்காலத்தில் ஒரு வாரம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடையில் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு ஈரம் மழையில் மூட்டையின் அடியில் கோத்துக்கொள்ளும். பழைய தீவனம் தீர்ந்த பிறகு பீப்பாயைத் துடைத்து வெயிலில் கவிழ்த்துவிட்டுப் புதியதைக் கொட்டுங்கள். அடியில் ஒட்டிய ஒரு பிடிதான் அடுத்த 10 கிலோவையும் கெடுக்கும்.